பெரும்பாக்கத்தில் ஒரு மாலைப் படிப்பகம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

சென்னை பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகக் குடிவருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் சாயந்திரம் நடக்கிற படிப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா? காசு வாங்குகிறார்களா? அங்கே பாடம் நடத்துகிறார்களா, இல்லை கட்சி வளர்க்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விவரமாக எழுதி வைக்கிறேன்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே போகிறார்கள். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது, இரண்டு பேருமே அரசுப் பள்ளி. நான் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கணவர் பெயின்டர். என் பதில்: அனுப்புங்கள். ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் சத்தியவாணி முத்து நகரிலிருந்து வந்தவர்கள். கூவம் கரை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். 2019 டிசம்பரில், பள்ளிக்கூட வருடத்தின் நடுவில், வீட்டை இடித்து எங்களை இங்கே அனுப்பினார்கள். மகள் அப்போது மூன்றாவது. பழைய பள்ளி சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளையை விடியற்காலை பஸ்ஸில் ஏற்ற மனசு வராமல் வியாசர்பாடியில் என் அக்கா வீட்டில் விட்டோம். மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தபோது அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமம். இங்கே பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்க்கப் போனால் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "ஹவுசிங் போர்டு பசங்க இப்படித்தாம்மா வருவாங்க" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் பிள்ளையின் காதிலும் அது விழுந்தது. இங்கே இருக்கிற பாதிப் பெற்றோருக்கு இதே மாதிரி ஒரு கதை இருக்கும். அதனால்தான் இந்தப் படிப்பகத்தை நான் வெறும் டியூஷனாகப் பார்ப்பதில்லை.

டியூஷனும் போட்டுப் பார்த்தோம். மாதம் 600 ரூபாய். கைடில் இருக்கிற பதிலை நோட்டில் எழுதச் சொல்வார்கள், எழுதியதை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். பரீட்சையில் பாஸ் ஆனாள், உண்மைதான். ஆனால் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து "என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டாள்.

படிப்பகம் லாக்டவுன் சமயத்தில் எங்கள் பிளாக்கின் மாடிப்படி லேண்டிங்கில் ஆரம்பித்தது. காலேஜ் படித்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர், எல்லோரும் இதே குடியிருப்புப் பிள்ளைகள், அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். இப்போது கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அறை ஒன்று கிடைத்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை சாயந்திரம் 5.30 முதல் 8 மணி. கட்டணம் கிடையாது. சுண்டலோ பிஸ்கட்டோ கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. நடத்துகிறவர்களைப் பிள்ளைகள் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சார், மிஸ் எல்லாம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். யாரும் கையில் குச்சி வைத்துக்கொள்வதில்லை.

அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மகனைக் கூட்டிவரப் போனேன். அக்கா பலகை முன்னால் நின்று, "உங்க வீட்டுல தினமும் காதுல விழுற வார்த்தை என்னென்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணி, பஸ், சண்டை, லோன், மெயின்டனன்ஸ் என்று பிள்ளைகள் கத்தின. மூலையில் ஒரு குட்டிப் பெண் "லிஃப்ட்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் என்ன பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா அந்த வார்த்தையைப் பலகையில் எழுதினார். ஒன்றாவது இரண்டாவது படிக்கிறவர்களுக்கு அதுவே எழுத்துப் பாடம். ல, லா, லி என்று வரிசையாக எழுதி, அந்த எழுத்துகளை வைத்து வேறு வார்த்தை கட்டினார்கள். நான்காவது ஐந்தாவது பிள்ளைகள் ஒரு மாடிக்கு எத்தனை படி என்று எண்ணிவந்து எட்டு மாடிக்குப் பெருக்கினார்கள். ஒரு குடம் தண்ணீர் எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை குடம், யார் தூக்குகிறார்கள் என்று அட்டவணை போட்டார்கள். தூக்குகிறவர் பத்தியில் அம்மா, அம்மா, அக்கா, அம்மா, ஆயா என்றுதான் வந்தது. என் மகன் வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஒரு குடம் எடுத்துவந்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பெரிய பிள்ளைகள் இன்னும் மேலே போனார்கள். லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது? அதற்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா? எவ்வளவு பணம்? கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? தெரியாது என்று விட்டுவிடாமல், தெரிந்துகொள்ள என்ன வழி என்று கேட்டார்கள். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அன்றைக்குத்தான் என் மகள் முதல்முறையாகப் படித்தாள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்தால், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மனுவைப் பிள்ளைகள் எழுதினார்கள், பெற்றோர் சார்பில் நான் கையெழுத்துப் போட்டேன். பதில் வந்தது, ஆனால் கேட்டதில் பாதிக்குத்தான். அந்தப் பதிலையும் அவர்கள் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நாம் கேட்ட கேள்வி எது, வந்த பதில் எது, எந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார்கள். பிறகு மேல்முறையீடு. கைடு பார்த்துப் பதில் எழுதிய அதே பிள்ளை, ஓர் அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "அம்மா, இந்த மூணாவது கேள்விக்குப் பதிலே சொல்லல பாரு" என்றாள்.

எங்கள் பிளாக் லிஃப்ட் பிறகு சரியானது. எங்கள் மனுவால்தான் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காகப் பல பேர் பல இடத்தில் கேட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது மகளின் அந்தப் படிப்பு.

வரலாறும் இதே மாதிரிதான் நடத்துகிறார்கள். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவதோடு நிற்பதில்லை. மகாராஷ்டிராவில் இருக்கிற மகாட் ஊரின் குளத்துக் கதையை நாடகமாகப் போட்டார்கள். பொதுக் குளம், பொதுக் கிணறு எல்லாம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923-இல். மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனாலும் அந்தத் தண்ணீரில் கை வைக்க 1927 மார்ச் 20 வரை ஆனது. அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோடு நடந்துபோய்க் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள், குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. அந்தக் குளத்தின் மேல் போட்ட வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது 1937-இல். நாடகத்தில் நகராட்சித் தலைவராக நடித்த பையன் ஒத்திகையிலேயே வசனத்தை நிறுத்திவிட்டு, "தீர்மானம் போட்ட அப்புறமும் ஏன் குடிக்க விடல?" என்று கேட்டானாம். அதிலிருந்து சட்டம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று அன்றைய வகுப்பு முழுக்க அதே பேச்சாகப் போயிருக்கிறது. ஒத்திகை அன்றைக்கு அதோடு நின்றுபோனது. நம்ம சென்னையிலும் பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்று 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் என்பதை அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கும் அதே கேள்வியைக் கேட்டார்களாம்.

இன்னொன்று எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய விஷயம். குடியிருப்பில் எந்தெந்த இடத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்த இடங்களின் பெயர் எப்படி வந்தது என்று விசாரிக்கச் சொன்னார்கள். சத்தியவாணி முத்து யார் என்று என் மகள் என்னைக் கேட்டாள். அந்தப் பெயர் கொண்ட இடத்தில்தான் நான் பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்றேன். யாரோ கட்சித் தலைவர் என்பதற்கு மேல் எனக்கு யாரும் சொன்னதில்லை. மகள்தான் படித்துவந்து சொன்னாள்: தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், 'அன்னை' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர், 1967-இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர், 1974-இல் கட்சியை விட்டு வந்து தனிக் கட்சி ஆரம்பித்தவர், 1979-இல் டெல்லியிலும் அமைச்சர். "நம்ம ஆளும்மா" என்றாள். ஒரு பொம்பளை, நம்ம மாதிரி இடத்திலிருந்து, அத்தனை வருடத்துக்கு முன்னால். அந்தப் பெயரை ரேஷன் கார்டில் மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை ஆயிரம் பேர் இருந்தோம்!

சரி, மார்க் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஆரம்பத்தில் இவர்களுக்குப் பேச்சும் நாடகமும் வரைபடமும்தான் பெரிதாக இருந்தது. வாய்ப்பாடு சொல்லவைப்பதை மனப்பாடக் கல்வி என்று ஒதுக்கிவைத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: "தம்பி, கேள்வி கேக்குற பிள்ளை வேணும், ஒத்துக்குறேன். ஆனா பத்தாவதுல கணக்குல ஃபெயில் ஆச்சுன்னா அந்தக் கேள்விய எந்த வாசல்ல போய் நின்னு கேக்கும்? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வராட்டியும் அப்பன் சொத்து இருக்கு." இரண்டு மூன்று அம்மாக்கள் கூடவே எழுந்தார்கள். அண்ணன்கள் கோபப்படவில்லை, எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து முதல் முக்கால் மணி நேரம் கணக்கும் வாசிப்பும் மட்டும். அதற்குப் பிறகுதான் மற்றது. பெற்றோர் சொன்னால் மாற்றிக்கொள்கிற இடம் என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது. பீஸ் கட்டிப் படித்த இடத்தில் கூட நான் பேசியதை யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

எட்டாவது படிக்கிறவர்களுக்குத் தேசிய வருவாய் வழி திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்குத் தனியாகப் பயிற்சி உண்டு. அதில் தேறினால் ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். என் மகளுக்குக் கிடைக்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குப் படித்ததில் மகளுக்கு பின்னமும் சதவீதமும் ஒழுங்காக வந்துவிட்டது, இப்போது வகுப்பில் கணக்குக்குப் பயப்படுவதில்லை.

சனிக்கிழமை காலையில் சான்றிதழ் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், எந்தக் காகிதம் இல்லையென்றால் அதற்குப் பதில் எது என்று உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கிறார்கள். வெள்ளத்தில் பாதி, இடிப்பில் மீதி என்று காகிதத்தைத் தொலைத்தவர்கள்தான் இங்கே அதிகம். விலாசம் மாறியதாலேயே நின்றுபோன உதவித்தொகைகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது என்பது தெரியாமல், கடன் வாங்கத் தயாராக இருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்தேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை காலேஜ் போனால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பிக் கொடுத்துவிடுவதில்லை. பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, பிள்ளையையே நிரப்பச் சொல்கிறார்கள். நேரம் ஆகும். பொறுமையாக இருங்கள்.

இப்போது அரசியல் விஷயம். அங்கே கட்சிக் கொடி கிடையாது. சுவரில் அம்பேத்கர் படமும், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே படமும் இருக்கின்றன. தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளரும் உள்ளே வந்து பேசக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் அரசியலே பேசுவதில்லை என்று நான் சொன்னால் அது பொய். "நாம ஏன் இங்க வந்தோம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு அரசியல் இல்லாமல் பதில் கிடையாது. இதற்காகவே ஒரு தகப்பனார் தன் பையனை நிறுத்திவிட்டார். "படிப்புக்கு அனுப்புனா கேள்வி கேட்டுட்டு வர்றான், நாளைக்கு வேலை எவன் குடுப்பான்?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. வேலை இடத்தில் வாயைத் திறந்ததற்காக அவர் ஒரு வேலையை இழந்தவர்.

இந்தப் பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் அண்ணன் பாவ்லோ ஃப்ரேய்ரே என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார். பிரேசில் நாட்டுக்காரர். அங்கே அப்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. 1963-இல் அங்கிகோஸ் என்கிற ஊரில் 300 பேருக்கு, பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள், சுமார் 40 மணி நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா, ஆடு என்று ஆரம்பிக்காமல், அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற வார்த்தையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசவைத்து, அதிலிருந்தே எழுத்து. லிஃப்ட் வகுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரை ஜெயிலில் போட்டார்கள், பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதானது. "எழுத்துச் சொல்லிக்குடுத்ததுக்கா ஜெயிலு?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கேட்டார். "ஓட்டு வந்துருமேம்மா" என்றார் அந்த அண்ணன். கூட்டத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பையனை நிறுத்திய தகப்பனாரும் அன்றைக்கு வந்திருந்தார். பையனை இன்னும் அனுப்பவில்லை. கூட்டத்துக்கு மட்டும் வருகிறார்.

சாதியைப் பற்றி இங்கே பேசும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, எழுதக் கஷ்டமாக இருப்பதும் அதுதான். நாம் எல்லோரும் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டவர்கள், அதனால் நமக்குள் பாகுபாடு இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தச் செய்தியை இங்கே பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தார்கள். பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தபோது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு, பள்ளிப் பெயரில் சாதி என்று அதில் இருந்த பரிந்துரைகளையும் வாசித்து, எது நடக்கும், எது நடக்காது, ஏன் என்று விவாதித்தார்கள்.

தாத்தா என்ன வேலை, அப்பா என்ன வேலை என்று ஒரு அட்டவணை போட்ட அன்று, கழிவுநீர்க் குழாய் வேலைக்குப் போகிறவரின் மகன் தன் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். அண்ணன் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பலகையில், மனிதரை வைத்துக் கழிவு அள்ளுவதைத் தடை செய்கிற சட்டம் 2013-இல் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டு, "இன்னமும் ஒருத்தர் உள்ள இறங்குறாருன்னா வெட்கப்பட வேண்டியவர் அவரா, இறக்குறவரா?" என்று கேட்டிருக்கிறார். மறுவாரம் அந்தப் பையனே தன் அப்பாவைக் கூட்டிவந்தான். அவர் தரையில் உட்கார்ந்து, உள்ளே இறங்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், விஷவாயு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள், என்ன உபகரணம் கொடுக்க வேண்டும், என்ன கொடுப்பதில்லை என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். அறிவியல் பாடமும் அதுதான், சமூக அறிவியலும் அதுதான். நானும் நின்று கேட்டேன். என் வேலையும் சுத்தம் செய்கிற வேலைதான். என் மகள் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அதை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

நம்பிக்கை என்று நிறையப் பேர் நமக்குச் சொல்ல வருகிறார்கள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வருவார்கள், சுதந்திர தினத்துக்கு வருவார்கள். கனவு காணுங்கள், உழைத்தால் யாரும் முன்னேறலாம் என்று மைக்கில் பேசுவார்கள், பை கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். என் அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினார், 1996-இல் மார்க்கெட் கோயம்பேடு போனதும் அங்கே போய்த் தூக்கினார். அவரைவிட உழைத்த மனிதரை நான் பார்த்ததில்லை. உழைப்புப் போதவில்லை என்று அவர் பேத்திக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் எனக்கு வயிறு எரியும். இந்தப் படிப்பகத்தில் அதைச் சொல்வதில்லை. உன் தாத்தா உழைத்தார், கூலி யார் கையில் நின்றது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம், பார்த்துவிட்டு அழுதுகொண்டு உட்காரவும் விடுவதில்லை. எந்த அலுவலகம், எந்த மனு, யாரைச் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்த பரீட்சை என்றைக்கு என்று உடனே வேலையில் இறக்கிவிடுகிறார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கிற அண்ணன் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தவர். எம்.சி. ராஜா யார், சென்னை சட்டசபைக்குப் போன முதல் தாழ்த்தப்பட்ட உறுப்பினர் அவர், அந்த விடுதி எப்படி வந்தது என்று அவர் சொல்லும்போது, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பாதை தெரிகிறது. யாரோ போராடிப் போட்டது, இவர் நடந்துவந்தது, நாளைக்கு இவர்கள் நடக்கப்போவது. என் மகள் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று இப்போதே கேட்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கே போக மாட்டேன் என்றவள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை இல்லை. அவசரம் என்றால் வீட்டுக்குத்தான் ஓட வேண்டும், வேறு பிளாக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய சிரமம். தண்ணி லாரி வருகிற நேரத்தில் அரைமணி நேரம் எதுவும் காதில் விழாது. புத்தக அலமாரியில் கதைப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கைடுகள் எல்லாம் யாரோ கொடுத்த பழையவை, பாடத்திட்டம் மாறியவையும் உண்டு. பிளஸ் டூ கணிதம், இயற்பியலுக்கு ஆள் இல்லை. இங்கிலீஷ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், பேசப் பழக்குவதில்லை. எங்கள் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வது அங்கேதான், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெரிய கவலை பையன்கள். எட்டாவது வரை நிறைய வருகிறார்கள். ஒன்பதாவது தாண்டினால் கேட்டரிங், பெயின்டிங், டெலிவரி என்று சாயந்திர வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டு நிலைமை அப்படி, அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் சாயந்திரம் ஐந்தரைக்கே வகுப்பு என்றால் அவர்களால் வரவே முடியாது. இரவு எட்டரைக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும் என்று பலமுறை கேட்டுவிட்டோம். ஆள் இல்லை என்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களும் வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். போகத்தான் வேண்டும், அவர்களும் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகள். ஆனால் நன்றாகப் பழகிய அக்கா திடீரென்று நின்றுபோனால் சின்னப் பிள்ளைகள் ஒரு வாரம் வருவதில்லை. நான் குறைத்த ஒரு மதிப்பெண் இந்த இரண்டுக்கும் சேர்த்து.

போட்டோ விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பு ஒரு கம்பெனிக்காரர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நோட்டுக் கொடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். என் மகன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இப்போது பொருள் கொடுக்கலாம், பிள்ளைகளை மட்டும் படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். அதனால் வருகிற நோட்டும் பையும் குறைந்துவிட்டது. பரவாயில்லை என்றுதான் பெற்றோர் கூட்டத்தில் முடிவானது.

அனுப்ப நினைக்கிறவர்களுக்கு: எந்த வகுப்பிலும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். முதல் வாரம் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அவசரப்படாதீர்கள், அங்கேயும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஐந்தாவதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை இருட்டிய பிறகு தனியாக விடாதீர்கள், எட்டு மணிக்கு யாராவது போய்க் கூட்டிவாருங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதற்கு நீங்களே வந்து உட்காருங்கள், கேள்வி கேளுங்கள். பிளஸ் டூ கணிதம், இயற்பியல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் ஓ.எம்.ஆர் பக்கம் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை பார்க்கிறீர்கள். இரவு எட்டரைக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் அதே ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்கள். அந்தப் பையன்களை நாங்கள் போய்க் கூட்டிவருகிறோம்.